"இடம் குடுக்கிற ஐடியா இருக்கா மேடம்?": அந்த போன்களை நான் நிறுத்திய கதை

2025 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நடுவில் என் செல்லுக்குப் பதினேழு அழைப்பு. அதில் பதினொன்று ஒரே கேள்வி: "மேடம், நங்கநல்லூர்ல உங்களுக்கு ஒரு கிரவுண்ட் இருக்கே, குடுக்கிற ஐடியா இருக்கா?"

அழைப்பை எண்ணுவது என் தொழில் புத்தி. 1984-இல் டெலிபோன் டிபார்ட்மெண்டில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள் நான். வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு "மெட்ராஸ் ஸ்பீக்கிங்" என்று சொன்ன காலத்திலிருந்து, 2020 ஜனவரி 31-ஆம் தேதி எங்களில் பல ஆயிரம் பேர் ஒரே நாளில் விஆர்எஸ் என்ற விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்த நாள்வரை, போனோடுதான் வாழ்ந்தேன். வெளியே வந்தபின் ஒரே ஒரு ஆசை, போன் அடிக்காத வீட்டில் மதியம் தூங்குவது. அதற்குத்தான் இவ்வளவு பாடு.

முதலில் ஒன்று புரிந்துகொண்டேன். இந்த அழைப்புகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து போட்டால் ஒன்றும் கேட்காது. கம்பெனிக்காரன் ஒரு ரகம், பத்து இலக்க நம்பரிலிருந்து கூப்பிடும் புரோக்கர் இன்னொரு ரகம், நம் தெருவிலேயே பைக்கில் சுற்றுகிற புரோக்கர் மூன்றாவது ரகம். கம்பெனிக்காரனைத் தடுப்பதுதான் இருப்பதிலேயே சுலபம். தெருக்காரரை எந்த ஆப்பும் தடுக்காது.

அதற்கு முன்னால், ஏன் என்னைத் துரத்தினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா 1979-இல் கட்டிய வீடு, 2400 சதுர அடி மனையில் கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன், பின்னால் ஒரு தென்னை, ஒரு மா. சுற்றி இருந்த தனி வீடு பெரும்பாலும் பிளாட் ஆகிவிட்டது. 2019-இல் வந்த புதிய கட்டட விதிகளில் எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 1.5-லிருந்து 2 ஆனது. அதே ஒரு கிரவுண்டில் முன்பு 3600 சதுர அடி கட்டியவர்கள் இப்போது 4800 சதுர அடி கட்டலாம். பில்டர் கணக்கில் என் மாமரம் நிற்கிற இடம் ஒரு ஹாலும் கிச்சனும். அதனால்தான் "அவுட்ரேட்டா குடுத்தாலும் சரி, ஜேவி பண்ணாலும் சரி", அதாவது முழுசா விற்றாலும் சரி, பில்டரோடு கூட்டாகக் கட்டினாலும் சரி என்று நாள் முழுக்கக் கேட்கிறார்கள்.

பேர் எப்படிக் கிடைக்கிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது ஓர் இடத்தின் பத்திரப்பதிவு விவரத்தை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2024-இல் என் தம்பி அவன் பாகத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். "ஒரே ஓனர், லேடி, சீனியர் சிட்டிசன்" என்று யாரோ ஒருவர் அதிலேயே படித்துக்கொண்டிருப்பார். ஆனால் வில்லங்கத்தில் போன் நம்பர் இருக்காது. நம்பரைக் கொடுத்தது யார் என்று தேடினேன். மூன்று ஓட்டை கிடைத்தது. மூன்றும் நான் போட்டதுதான்.

முதல் ஓட்டை, ஊரப்பாக்கத்தில் எங்களுக்கு இருக்கிற காலி மனையின் காம்பவுண்டு சுவர். ஆக்கிரமிப்பு நடந்துவிடக் கூடாதே என்று சிவப்பு பெயிண்டில் "இந்த இடம் தனியாருக்குச் சொந்தமானது, தொடர்புக்கு" என்று ஒரு முழம் உயர எழுத்தில் என் செல் நம்பர். ஏழு வருஷமாக அந்தப் பக்கம் போகிற எல்லாருக்கும் அது இலவச விளம்பரம். காலி மனை வைத்திருப்பவர்கள் முதலில் போய் அந்த நம்பரை அழியுங்கள். பேரும் சர்வே நம்பரும் இருந்தால் எச்சரிக்கைக்குப் போதும். தொடர்புக்கு ஏதாவது வேண்டும் என்றால் மின்னஞ்சல் முகவரி எழுதுங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள். நான் ஒரு கோட் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தேன். அடுத்த மழையில் கடைசி நான்கு இலக்கம் சுண்ணாம்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. எனாமல் பெயிண்டை மறைக்க முதலில் பிரைமர் அடிக்க வேண்டும் என்று பெயிண்டர் சிரித்தார்.

இரண்டாவது ஓட்டை, மாடி போர்ஷனை வாடகைக்கு விட அக்கா மகன் ஒரு வீட்டு விளம்பரத் தளத்தில் போட்டது. குடித்தனம் வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. விளம்பரத்தை "மறைத்து" வைத்திருந்தான், நீக்கவில்லை. கணக்கு உயிரோடு இருந்தது. அதில் "எங்கள் பங்குதாரர்கள் தொடர்புகொள்ளச் சம்மதம்" என்ற பொடி எழுத்துக் கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. இந்த டிக்தான் ஆபத்து. நாளைக்கு நீங்கள் புகார் கொடுத்தால், "வாடிக்கையாளர் சம்மதம் கொடுத்திருக்கிறார்" என்று இதைத்தான் காட்டுவார்கள்.

ஆகவே விளம்பரத்தை மட்டும் எடுத்தால் போதாது, கணக்கையே நீக்க வேண்டும். நீக்கும் வழி கண்ணில் படவில்லை என்றால் அந்தத் தளத்தின் அடியில் குறைதீர் அலுவலர் என்று ஒருவர் பேரும் மின்னஞ்சலும் இருக்கும். 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அப்படி ஒருவரை வைத்தே ஆக வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும் (நான் எழுதிய 2025-இல் அது 15 நாளாக இருந்தது). நான் எழுதியது நான்கே வரி: என் நம்பர் இது, என் கணக்கையும் நம்பரையும் நீக்குங்கள், பங்குதாரர்களுக்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை. மற்ற இரண்டும் நடந்தது. அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சம்மதம் இல்லை என்பதற்குத் தேதி போட்ட சாட்சி அது.

மூன்றாவது ஓட்டை என் வாய். ஒரு நாள் சும்மா இருக்க மாட்டாமல், கூப்பிட்ட பையனிடம், "சரி தம்பி, இப்ப கிரவுண்ட் என்ன விலை போகுது?" என்று கேட்டுவிட்டேன். விற்கிற எண்ணம் துளியும் இல்லை, பக்கத்து வீட்டு மாமி ஒரு விலை சொன்னாளே, நிஜமா என்று தெரிந்துகொள்ளும் ஆவல். அந்த வாரம்தான் ஒரே நாளில் அந்தப் பதினொன்று. விலை கேட்டவள் விற்பவள் என்பது அவர்கள் கணக்கு. என் நம்பர் "டைரக்ட் பார்ட்டி", அதாவது நேரடி ஓனர், என்று நான்கு கை மாறிவிட்டது.

இனி செய்ய வேண்டியது. இன்றைக்கே செய்யலாம், காசு செலவில்லை.

உங்கள் போனிலிருந்து 1909 என்ற எண்ணுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஃபுல்லி பிளாக் என்று எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எழுதத் தடுமாறுபவர்கள் அதே 1909-க்குப் போன் செய்தும் பதியலாம். முறையாகப் பதிந்துகொண்ட கம்பெனிகளின் விளம்பரம் எல்லாம் நின்றுவிடும். எல்லாம் வேண்டாம், சேலைக்கடை தள்ளுபடி மட்டும் வரட்டும் என்பவர்கள் ரியல் எஸ்டேட்டை மட்டும் தடுக்கலாம். அதன் எண் 2. பிளாக் என்று எழுதி, ஓர் இடம் விட்டு, 2 போட்டு அனுப்ப வேண்டும். பேங்க் ஓடிபியும் கேஸ் சிலிண்டர் மெசேஜும் இதனால் நிற்காது, அந்தப் பயம் வேண்டாம். வீட்டில் எத்தனை சிம் இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். என் கணவர் போனில் இரண்டு சிம், ஒன்றுக்குத்தான் செய்திருந்தேன், மற்றது விடாமல் அடித்தது. பதிவானதும் பதில் மெசேஜ் வரும். அதை அழிக்காதீர்கள்.

இதில் ஒழிவது முதல் ரகம். சட்டப்படி பதிந்துகொண்டு, 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து கூப்பிடும் கம்பெனிகள். "பட்ஜெட் வில்லா, பேங்க் லோன் வசதி" என்று வரும் எஸ்எம்எஸ்களும் சேர்த்தி. அனுப்புகிறவர் பேருக்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? 'பி' இருந்தால் விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பணப் பரிவர்த்தனை, 'ஜி' அரசாங்கம். தடை போட்ட பிறகும் 'பி' வந்தால் புகாருக்கு உரியது. அந்தச் சுருக்கப் பேர் யாருடையது என்று பார்க்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு தளமே வைத்திருக்கிறது. சுருக்கப் பேரைப் போட்டால் கம்பெனியின் முழுப் பேர் வரும். எனக்கு அது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

இரண்டாவது ரகம், பத்து இலக்க சாதா செல் நம்பரிலிருந்து கூப்பிடுகிறவர்கள். இவர்கள் எந்தத் தடைப் பட்டியலையும் பார்ப்பதில்லை. இவர்களைப் பிடிக்கப் புகார்தான் வழி. ஆளுக்கு ஆள் செய்கிற தப்பு என்னவென்றால், போனில் அந்த நம்பரைத் தடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவது. நீங்கள் தடுத்தது உங்கள் காதைத்தான். அவரிடம் மூன்று சிம் இருக்கிறது. முதலில் புகார், பிறகு தடை.

புகாருக்கு டிராய் டிஎன்டி என்ற ஆப் இருக்கிறது. உள்ளே போய், வந்த அழைப்பைத் தொட்டு, இரண்டு வரி எழுதினால் வேலை முடிந்தது. ஆப் வேண்டாம் என்றால் மறுபடி அதே 1909-க்கு எஸ்எம்எஸ்: அவர் பேசியதன் சாரம், ஒரு கமா, அவருடைய நம்பர், ஒரு கமா, தேதி மாதம் வருடம். வந்தது எஸ்எம்எஸ் என்றால் பேச்சின் சாரத்துக்குப் பதில் அந்தச் செய்தியையே போடுங்கள். முன்பெல்லாம் மூன்று நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். 2025 பிப்ரவரியில் விதியைத் திருத்தினார்கள். இப்போது ஏழு நாள் அவகாசம். தடைப் பட்டியலில் பதியாதவர்களும் புகார் கொடுக்கலாம்.

அந்தத் திருத்தத்தில் எனக்குத் தேன் மாதிரி இனித்த ஒரு வரி உண்டு. பதிவு செய்யாத ஒரு நம்பர் மீது பத்து நாளில் ஐந்து புகார் வந்தால் நடவடிக்கை. முன்பு ஏழு நாளில் பத்து வேண்டியிருந்தது. முதல் முறை மாட்டினால் அவர் போனிலிருந்து வெளியே பேசுவது 15 நாள் நிறுத்தப்படும். மறுபடி மாட்டினால் அவர் பேரில் உள்ள எல்லா இணைப்பும் ஒரு வருஷத்துக்குத் துண்டிப்பு.

இதைப் படித்த அன்று சாயங்காலம் கையில் நோட்டோடு தெருவில் இறங்கினேன். பழைய லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு. எக்ஸ்சேஞ்சில் டிக்கெட் எழுதுகிற மாதிரியே கட்டம் போட்டிருந்தேன்: தேதி, மணி, நம்பர், சொன்ன பேர், கேட்டது என்ன, நம்பர் எங்கே கிடைத்தது என்றால் என்ன சொன்னான். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் "டேட்டாபேஸ்" என்றுதான் இருக்கும். அதில் ஒரே நம்பர் ஒன்பது முறை வந்திருந்தது. எதிர் வீட்டு மாமி போனைப் பார்த்தால் அங்கேயும் அதே நம்பர். மூன்றாம் வீடு, தையல்காரி வீடு, மூலை வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எல்லாரிடமும். தனி வீடு மிச்சம் இருப்பவர்கள் ஏழு பேர், ஏழு பேருக்கும் அடித்திருக்கிறான். மாமியின் திண்ணையில் உட்கார்ந்து ஆறு பேர் போனிலிருந்து வரிசையாகப் புகார் அனுப்பினோம். ஹெட்மாஸ்டர் மட்டும் "பாவம், பிழைப்பு" என்றார். அவருக்கு மறுநாள் மத்தியானம் இரண்டரைக்கு அதே ஆள் கூப்பிட்டான். இரண்டே முக்காலுக்கு ஏழாவது புகார் போனது. அந்த நம்பரிலிருந்து அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு போன் வரவில்லை.

ஆகவே தனியாகக் கத்தாதீர்கள். அபார்ட்மெண்ட் அசோசியேஷன் குழு, கோலப்போட்டி குழு, எதுவாக இருந்தாலும் அதில் நம்பரைப் போட்டு, யார் யாருக்கு வந்தது என்று கேளுங்கள். வந்தவர்கள் மட்டும் புகார் கொடுக்கட்டும். வராதவர்கள் ஒத்தாசைக்குக் கொடுத்தால் அது பொய்ப் புகார்.

சில புகார் "சம்மதம் உள்ளது" என்று மூடப்படும். அப்போதுதான் அந்தக் குறைதீர் அலுவலர் மின்னஞ்சல் கைகொடுக்கும். விளம்பர மெசேஜிலேயே விலகிக்கொள்ளும் வழி தர வேண்டும் என்பதும், விலகிய பிறகு 90 நாளுக்குள் மறுபடி சம்மதம் கேட்கக் கூடாது என்பதும் அதே திருத்தத்தில் இருக்கிறது.

வாட்ஸ்அப்புக்கு 1909 உதவாது, அது வேறு உலகம். அங்கே பிரைவசி பகுதிக்குள் போய், தெரியாதவர் அழைப்பை அமைதியாக்கும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். குழுவில் சேர்க்கும் உரிமையைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். என்னை ஒருவன் "தாம்பரம் டு கிண்டி ப்ராபர்டி" என்ற குழுவில் கேட்காமலே சேர்த்துவிட்டான், காலையில் எழுந்தால் 240 மெசேஜ். குழுவிலிருந்து வெளியேறும்போதே புகார் செய்யும் பொத்தானும் இருக்கிறது, அதையும் அழுத்துங்கள்.

இனி மூன்றாவது ரகம், நம்ம ஊர் புரோக்கர். இவரிடம் போன் ஒரு பக்கம்தான். கேட்டில் சீட்டு செருகுவார், ஆஞ்சநேயர் கோயில் வாசலில் பார்த்தால் "அம்மா, பார்ட்டி கையில கேஷோட நிக்கிறார்" என்பார். இவர்மீது 1909 என்று பாய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நாளைக்கு மாடிக்குக் குடித்தனம் தேடும்போது அவரிடம்தான் போவோம். ஒருவரை உள்ளே கூப்பிட்டு, காபி கொடுத்து, வெளிப்படையாகக் கேட்டேன்: "ஏன் தம்பி, இல்லன்னு சொல்லியும் திரும்பத் திரும்ப வர்றீங்க?"

அவர் சொன்ன பதிலுக்கு அந்தக் காபி தகும். "அம்மா, நீங்க எங்க இல்லன்னு சொன்னீங்க? 'இப்ப இல்லப்பா'ன்னீங்க. நாங்க நோட்டுல 'தீபாவளிக்கு அப்புறம்'னு எழுதிப்போம். 'பையன் வரணும்'னு சொன்னா பையன் வர்ற மாசத்தை எழுதிப்போம். 'விலை சரியில்ல'ன்னா இன்னொரு பார்ட்டியோட வருவோம்."

யோசித்துப் பார்த்தால் நான் எல்லாருக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். மரியாதைக்காக. நம் வளர்ப்பு அப்படி, வெறும் "இல்லை" என்றால் முகத்தில் அடித்த மாதிரி இருக்குமோ என்று ஒரு சாக்கு ஒட்டவைப்போம். அந்தச் சாக்கு அவருக்கு அடுத்த தேதி. அன்றிலிருந்து எனக்கு ஒரே வசனம், எழுதி போன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்: "இந்த இடம் விற்பனைக்கு இல்லை. என் நம்பரை எடுத்துடுங்க. இனிமே கூப்பிடாதீங்க." அவ்வளவுதான். காரணம் கிடையாது, விலை கிடையாது, வீட்டில் யார் இருக்கிறார்கள், பிள்ளை எந்த நாட்டில் என்ற பேச்சே கிடையாது. மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு அவர் பேசுவதைக் கேட்காமல் வைத்துவிட வேண்டும். டிரங்க் போர்டில் மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே போய் "த்ரீ மினிட்ஸ் ஓவர்" என்று சொன்ன எனக்கே இது பழக இரண்டு வாரம் ஆனது.

காபி குடித்த தம்பி தன் நோட்டில் என் பேரை அடித்துக் காட்டிவிட்டுப் போனார். மற்ற இரண்டு புரோக்கர்களிடமும் அவரே சொல்லிவிட்டார். ஒரு புரோக்கர் சொன்னால் அடுத்தவர் நம்புவார், ஓனர் சொன்னால்தான் நம்ப மாட்டார்.

இதெல்லாம் தொல்லை வகை. இரண்டு இடத்தில் மட்டும் தொல்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். "பார்ட்டிக்குக் காட்டணும், பட்டாவையும் தாய்ப்பத்திரத்தையும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்று கேட்டால் அனுப்பவே அனுப்பாதீர்கள். விற்பதாகவே இருந்தாலும், நேரில் வந்து அசலைப் பார்த்துவிட்டுப் போகட்டும். "டோக்கன் அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்றால் அது அப்பட்டமான திருட்டு. பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய பின் நம்பர் தேவையே இல்லை. அந்த மாதிரி முயற்சியைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் சொல்லலாம். பணமே போய்விட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன். பேச்சில் மிரட்டல் தொனி வந்தால் நேராகக் காவல் நிலையம். நோட்டில் எழுதி வைத்த தேதியும் மணியும் அங்கே கேட்பார்கள். நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை என் இரண்டு இடத்துக்கும் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுகிறேன்.

நோட்டைப் புரட்டினால் ஜூனில் 143, ஆகஸ்டில் 38, அக்டோபரில் 9. டிசம்பரில் மூன்று, அதில் ஒன்று ஒரு ஸ்கூலுக்கு வர வேண்டிய ராங் நம்பர். ஊரப்பாக்கத்துச் சுவருக்குப் பிரைமர் அடித்தாயிற்று.

போன வாரம் மதியம் ஒன்றரைக்கு ஒரு பெண் குரல். "மேடம், உங்க நங்கநல்லூர் ப்ராபர்டி" என்று தொடங்கினாள். என் மூன்று வாக்கியத்தைச் சொன்னேன். "சாரி மேடம், லிஸ்ட்ல இருந்து எடுத்துடறேன்" என்று மரியாதையாக வைத்துவிட்டாள். நல்ல பெண். நம்பரையும் தேதியையும் நோட்டில் எழுதி, 1909-க்கு ஒரு புகாரும் அனுப்பிவிட்டுப் படுத்தேன்.